உள்ளாட்சி மன்றத் தலைமை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

உள்ளாட்சி மன்றங்களை நடத்தும் முறை பற்றி வந்த கடிதங்களில் ஆறு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். மன்றக் கூட்டங்களின் நடவடிக்கைகளைப் பதிவுசெய்யும் பணியில் நீண்ட காலம் இருந்தவன் என்பதால், படித்ததோடு பார்த்ததையும் சேர்த்தே சொல்கிறேன். எழுதியவர்கள் பொறுப்புகளில் இருப்பவர்கள் என்பதால் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எங்கள் மன்றத்தின் முந்தைய தலைவர் யாரையும் கலந்து பேசாமல் தாமே முடிவெடுப்பார், பணிகள் மளமளவென்று நடந்தன. இப்போதைய தலைவர் ஒவ்வொன்றுக்கும் எல்லோருடைய கருத்தையும் கேட்கிறார்; எதுவும் முடிவுக்கு வருவதில்லை. அப்படியானால் கண்டிப்பான ஒற்றையாள் தலைமைதானே பயன் தருகிறது? (மன்ற உறுப்பினர் ஒருவர்)

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் இரண்டு வகைத் தலைமைகளை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு, மூன்றாவது வகை ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள் என்று தோன்றுகிறது.

தலைமைப் பாணிகளைப் பற்றிய தொடக்க கால ஆய்வுகளில் புகழ்பெற்றது, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் ஆகியோர் நடத்தி 1939-ல் வெளியிட்ட ஆய்வு. பத்து வயதை ஒட்டிய சிறுவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். ஒரு வகைத் தலைவர் கட்டளையிட்டார். இன்னொரு வகைத் தலைவர் சிறுவர்களோடு கலந்து பேசி முடிவெடுத்தார். மூன்றாவது வகைத் தலைவர் எதிலும் தலையிடாமல் ஒதுங்கி நின்றார். கட்டளைத் தலைமையின் கீழ் வேலையின் அளவுக்குக் குறைவில்லை. ஆனால் தலைவர் அறையைவிட்டு வெளியே போன மாத்திரத்தில் அந்தக் குழுவின் வேலை தொய்ந்துபோயிற்று. கலந்து பேசி நடந்த குழுவிலோ, தலைவர் இல்லாத நேரத்திலும் வேலை பெரும்பாலும் அதே வேகத்தில் தொடர்ந்தது. ஒதுங்கி நின்ற தலைமையின் கீழ்தான் வேலை மிகக் குறைவாகவும் மிக மோசமாகவும் நடந்தது.

சிறுவர்களை வைத்துச் செய்த சோதனையை மன்றத்துக்கு அப்படியே பொருத்த முடியாது என்பது உண்மைதான். ஆயினும் ஒரு கேள்வியை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்: தலைவர் வெளியே போனபின் என்ன நடந்தது? உங்கள் முந்தைய தலைவர் கட்டியவற்றை இன்று யார் பராமரிக்கிறார்கள், அவற்றுக்கான செலவு எந்தத் தலைப்பில் வருகிறது, இன்ன இடத்தில் இன்னதை ஏன் கட்டினோம் என்று சொல்லத் தெரிந்த உறுப்பினர் எத்தனை பேர் என்று விசாரித்துப் பாருங்கள். பதில் கிடைத்தால் அவர் நல்ல தலைவர்தான். கிடைக்காவிட்டால், அந்த வேகத்துக்கான விலையை இப்போதைய மன்றம் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இப்போதைய தலைவரைப் பொறுத்தவரை, உங்கள் கடிதத்திலிருந்து நான் புரிந்துகொள்வது, அவர் கலந்தாலோசிக்கும் தலைவராக அல்லாமல் முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து நழுவும் தலைவராக இருக்கிறார் என்பதே. கலந்தாலோசனை என்றால், எந்தக் கூட்டத்தில் கருத்துகளைக் கேட்போம், எந்தக் கூட்டத்தில் வாக்கெடுப்பு நடத்துவோம், அதுவரை எந்த விவரங்களை அலுவலகம் திரட்டித் தர வேண்டும் என்பவற்றை முதலிலேயே அறிவித்துவிட்டுக் கேட்பதாகும். அந்தத் தேதி இல்லாத கேட்பு வெறும் தள்ளிப்போடல். உங்கள் மன்றத்துக்குத் தேவை கண்டிப்பான தலைவர் அல்லர். நாள் குறிக்கிற தலைவர்.

அடிப்படையான இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொழிற்சாலை மேலாளர் தமக்குக் கீழே வேலை செய்பவரை நீக்க முடியும். மன்றத் தலைவரோ, வாக்காளர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஓர் உறுப்பினரைத் தம் விருப்பப்படி வீட்டுக்கு அனுப்ப முடியாது. அவர் சமமானவர்களுக்கிடையே அமர்ந்திருப்பவர். அவருடைய கட்டளை, அடுத்த வாக்கெடுப்புவரை மட்டுமே செல்லும். ஆகவே மன்றத்தில் நம்பிக்கையைச் சம்பாதிப்பது தலைவரின் நல்ல குணத்தைச் சார்ந்த விஷயம் மட்டுமன்று. அவருடைய வேலைக்கான கருவியே அதுதான். வெள்ளம், தொற்றுநோய் போன்ற அவசர வேளைகளில் தலைவர் தனித்து முடிவெடுக்கத்தான் வேண்டும். அப்போது யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அடுத்த கூட்டத்திலேயே அதை எழுத்து வடிவில் மன்றத்தின் முன் வைக்கிறாரா என்பதில்தான் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: முதன்முறையாகத் தலைவர் பொறுப்பேற்றிருக்கிறேன். அடுத்த வாரம் முதல் கூட்டம். தலைமை தாங்குவதில் நான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது எது? (புதிய தலைவர்)

பதில்: கூட்டத்தை நடத்தக் கற்றுக்கொள்ளுங்கள். திட்டங்களும் அறிக்கைகளும் பிறகு வரட்டும்.

நான் பணியிலிருந்த காலத்தில் பார்த்த ஒரு கூட்டம் இன்றும் கண்முன் நிற்கிறது. அன்றைய பொருள்கள் முப்பதுக்கும் மேல். தலைவர் பொருளின் எண்ணை மட்டும் படிப்பார். முன்வரிசையில் ஒருவர் மேசையைத் தட்டுவார். நான் "நிறைவேற்றப்பட்டது" என்று எழுதுவேன். கடைசி வரிசையில் ஓர் உறுப்பினர், தம் வார்டின் கழிவுநீர் வாய்க்கால் பற்றிய தாளை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தார். தம் பொருளின் எண் வந்தபோது எழுந்தார். அவர் வாய் திறப்பதற்குள் தலைவர் அடுத்த மூன்று எண்களைக் கடந்துவிட்டார். அரை மணி நேரத்தில் கூட்டம் முடிந்தது. நின்றவர் நின்றபடியே இருந்தார். பிறகு அந்தத் தாளை மறுபடியும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதன்பின் அந்த மன்றத்தின் காலம் முடியும்வரை அவர் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. மன்றம் மிக விறுவிறுப்பாக நடக்கிறது என்று அந்தத் தலைவர் உண்மையாகவே நம்பினார். அவர் கெட்டவர் அல்லர். நின்றுகொண்டிருந்தவரை அவர் பார்க்கவே இல்லை.

ஆகவே முதல் கூட்டத்துக்கு மூன்று பழக்கங்களைச் சொல்கிறேன். கூட்டப் பொருள்களைத் தேவையான இணைப்புகளோடு, உறுப்பினர்கள் படித்து வர நேரம் இருக்கும்படி முன்கூட்டியே அனுப்புங்கள். சட்டம் சொல்லும் குறைந்தபட்ச நாள் கணக்கோடு நின்றுவிட வேண்டாம். விவாதத்தில் உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். தலைவர் முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பேர் அதற்கு ஏற்பப் பேசுவார்கள், மீதிப் பேர் பேசவே மாட்டார்கள். ஒவ்வொரு பொருள் முடிந்ததும், எடுத்த முடிவு என்ன, செய்ய வேண்டியவர் யார், எந்தத் தேதிக்குள் என்பதை உரக்கப் படித்துப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். இந்தக் கடைசிப் பழக்கம் ஒன்று இருந்திருந்தால், என் கைப்பட எழுதிய எத்தனையோ தீர்மானங்கள் வெறும் தாளாகப் போயிருக்காது.

அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் 1876-ல் கூட்ட நடைமுறை விதிகளைத் தொகுத்து வெளியிட்டார். ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னபோது எப்படி நடத்துவதென்று தெரியாமல் திண்டாடிய அனுபவமே அவரை அந்தப் பணிக்குத் தூண்டியது. பெரிய அவையில், விவாதத்தில் கலந்துகொள்ள விரும்பும் தலைவர் இருக்கையை விட்டு இறங்க வேண்டும் என்பது அந்த மரபு. ஏறத்தாழ ஒரு டஜன் பேருக்கு மேற்படாத சிறு குழுக்களில் தலைவரும் மற்றவர்களைப் போல விவாதிக்கலாம். உங்கள் மன்றம் எந்த அளவினது என்பதைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள். தொடக்கத்தில் திண்டாட்டம் எல்லோருக்கும் உண்டு, அஞ்ச வேண்டாம்.

கேள்வி: தலைவருக்கும் நிர்வாக அலுவலருக்கும் எப்போதும் இழுபறியாகவே இருக்கிறது. மன்றத்தில் உண்மையான தலைமை யாருடையது? (அலுவலகப் பணியாளர்)

பதில்: இந்த இழுபறிக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள ஸ்டான்டன் நகரம் 1908-ல் நகர நிர்வாகத்துக்கென்று முழுநேர மேலாளர் ஒருவரை அமர்த்தியது. 1913-ல் பெருவெள்ளத்தால் சீர்குலைந்த ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரம், 1914-ல் அந்த முறைக்கு மாறிய முதல் பெரிய நகரமாயிற்று. மன்றம் கொள்கையை வகுக்கும், பயிற்சி பெற்ற மேலாளர் அதை நிறைவேற்றுவார் என்பதே அந்த முறையின் கருத்து. ஜெர்மனியின் நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்திலும் அரசியல் தலைவர் வேறு, நிர்வாகத் தலைவர் வேறு என்ற இரட்டைத் தலைமை நெடுங்காலம் இருந்தது. 1990-களில் அதைக் கைவிட்டு, 1999 முதல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஒரே தலைவரிடம் இரண்டையும் ஒப்படைத்தார்கள்.

கொள்கை ஒரு பக்கம், நிர்வாகம் மறுபக்கம் என்ற கோடு தாளில் நேராகத் தெரியும். நடைமுறையில் வளைந்து நெளிந்துதான் போகும். அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்வாரா, நோக்கத்தை வகுப்பதில் மன்றத்தின் பங்கும், அன்றாட மேலாண்மையில் அலுவலரின் பங்கும் மிகுதி என்றும், இடையிலுள்ள கொள்கை, நிர்வாகம் ஆகிய இரண்டிலும் இருவருக்கும் பங்கு உண்டு என்றும் விளக்கினார். என் அனுபவமும் அதுவே. குழாய் பதிக்க எந்தத் தெருவை முதலில் தோண்டுவது என்பது நிர்வாகமா, கொள்கையா? அந்தத் தெருவில் வாழ்பவரைக் கேட்டால் அது கொள்கை. பொறியாளரைக் கேட்டால் நிர்வாகம்.

அலுவலர் பார்த்துக்கொள்வார் என்று மன்றம் கண்ணை மூடிக்கொள்வதும் ஆபத்தானது. கலிஃபோர்னியாவில் ஏறத்தாழ 37,000 பேர் வாழ்ந்த பெல் என்ற சிறு நகரத்தின் மேலாளர், ஆண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சம் டாலர் சம்பளம் வாங்கிவந்தது 2010-ல் பத்திரிகைகள் வழியாக வெளியே வந்தது. பகுதிநேரப் பணியான மன்ற உறுப்பினர் பொறுப்புக்கு உறுப்பினர்கள் பெரும்பாலோர் ஆண்டுக்கு 1 லட்சம் டாலர் அளவுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலாளருக்கு 2014-ல் 12 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்த மன்றத்தில் இழுபறியே இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆகையால் ஓரளவு இழுபறி நல்லது. அது முகத்துக்கு நேரே, கோப்பில், காரணத்தோடு எழுதப்பட வேண்டும். வாய்மொழி உத்தரவாகவும் முணுமுணுப்பாகவும் நடந்தால்தான் அலுவலகம் பாழாகும். உங்கள் மேலதிகாரி வாய்மொழியாகச் சொன்னதை நீங்கள் மரியாதையோடு எழுத்தில் கேட்டுப் பெறலாம். அது உங்களுக்கும் பாதுகாப்பு, அவருக்கும் பாதுகாப்பு.

கேள்வி: மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் தலைவர், உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் தலைவர், குழுக்கள் வழியாக நடக்கும் நிர்வாகம் ஆகியவற்றில் எது சிறந்தது? (கல்லூரி ஆசிரியர்)

பதில்: எந்த அமைப்பும் தானாகப் பயன் தந்துவிடாது என்பதற்கு இங்கிலாந்து நல்ல சான்று. மன்றக் குழுக்கள் வழியாக முடிவெடுக்கும் பழைய முறை மந்தமானது என்று கருதி, 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பெரும்பாலான மன்றங்களைத் தலைவரும் சிறு அமைச்சரவையும் கொண்ட முறைக்கோ, நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் முறைக்கோ மாறச் செய்தார்கள். பழைய குழு முறைக்கே திரும்ப 2011-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. பிரிஸ்டல் நகர மக்கள் 2012-ல் மேயர் முறை வேண்டும் என்று வாக்களித்து, 2022-ல் அதை நீக்க வாக்களித்து, 2024-ல் குழு முறைக்குப் போனார்கள்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்தின் கதை இன்னும் ஆழமானது. சாலைப் பராமரிப்பு ஒப்பந்தத்தின் கீழ் ஆயிரக்கணக்கான சாலையோர மரங்களை வெட்டும் பணி அங்கே நடந்தது. 2016 நவம்பரில் ஒரு நாள், பொழுது விடிவதற்கு முன்பே காவல்துறையினர் துணையோடு வந்து, உறங்கிக்கொண்டிருந்த மக்களை எழுப்பி, கார்களை நகர்த்தச் சொல்லி ஒரு தெருவின் மரங்களை வெட்டினார்கள். தடுக்க முயன்ற வயதான பெண்கள் இருவர் கைதானார்கள். மன்றத்துக்குச் சட்டப்படி அதிகாரம் இருந்தது, ஒப்பந்தம் இருந்தது, பெரும்பான்மை இருந்தது. மக்களிடம் விளக்கிச் சொல்லும் பொறுமைதான் இல்லை. 2021-ல் மக்கள் கையெழுத்து திரட்டிக் கொண்டுவந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் குழு முறைக்கு ஆதரவளித்தனர். மறு ஆண்டே அது நடைமுறைக்கு வந்தது. மரம் வெட்டிய விவகாரத்தில் பொதுமக்களையும் நீதிமன்றங்களையும் மன்றம் தவறாக வழிநடத்தியதாக 2023-ல் வெளியான விசாரணை அறிக்கை கூறியது.

என் கணிப்பைக் கேட்டால், உடைந்த கட்சிகளும் நிலையற்ற பெரும்பான்மையும் உள்ள இடத்தில் நேரடித் தேர்தல் ஓரளவு உறுதியைத் தரும். உறுப்பினர்களுக்கு வேலையே இல்லை என்ற நிலை வந்துவிட்ட இடத்தில் குழு முறை உயிர் கொடுக்கும். முறையை மாற்றுமுன் நோய் எது என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: பெண் என்பதால் நான் மென்மையாக இருக்கிறேன், கண்டிப்பு போதாது என்று சக உறுப்பினர்கள் சொல்கிறார்கள். என் பாணியை மாற்றிக்கொள்ள வேண்டுமா? (மன்றத் தலைவி)

பதில்: வேண்டாம், அம்மா. குரலை உயர்த்தாமல் நடத்தும் கூட்டம் பலவீனமான கூட்டம் அன்று. உங்கள் முடிவுகள் நிறைவேறுகின்றனவா என்பதை மட்டும் பாருங்கள். நிறைவேறவில்லை என்றால், குரலை விடுத்துப் பின்தொடர்தலைக் கூட்டுங்கள்.

இந்தியாவில் ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்குச் சுழற்சி முறையில் ஒதுக்கப்பட்டதால், ஒதுக்கிய ஊராட்சியையும் ஒதுக்காத ஊராட்சியையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ராகவேந்திர சட்டோபாத்யாயவும் எஸ்தர் டுஃப்லோவும் செய்து 2004-ல் வெளியிட்ட ஆய்வு, பெண்கள் தலைமையேற்ற ஊராட்சிகள், பெண்கள் அதிகமாக முறையிடும் தேவைகளில், குறிப்பாகக் குடிநீரில், கூடுதலாக முதலீடு செய்ததைக் காட்டியது. மேற்கு வங்கத்தைப் பற்றிய 2009-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, பெண் தலைமையைப் பார்த்துப் பழகிய ஊர்களில் ஆண்களிடையே பெண் தலைவர்களின் திறமை பற்றிய தவறான எண்ணம் குறைந்ததையும், அடுத்து வந்த தேர்தல்களில் ஒதுக்கப்படாத இடங்களில்கூடப் பெண்கள் கூடுதலாக நின்று வென்றதையும் கண்டது. உங்களைப் பற்றி இன்று சொல்லப்படும் குறை, பழக்கமின்மையால் வருவது. உங்களுக்குப் பின் வரும் பெண்ணிடம் அதைச் சொல்லும் வாய்கள் குறைந்திருக்கும்.

கேள்வி: மக்களைக் கவரும் ஆளுமை இல்லாதவர் உள்ளாட்சித் தலைவராக வெற்றி பெற முடியுமா? (வாசகர்)

பதில்: முடியும். ஆளுமை இருந்தால் அது ஒரு கூடுதல் வசதி.

கொலம்பியாவின் பொகோடா நகர மேயராக 1995-லும் மீண்டும் 2001-லும் பொறுப்பேற்ற அன்டானாஸ் மாக்கஸ், போக்குவரத்து விதியை மீறுபவர்களைத் திருத்தச் சாலைச் சந்திப்புகளில் ஊமைக்கூத்துக் கலைஞர்களை நிறுத்தினார். விரும்புகிறவர்கள் 10 விழுக்காடு கூடுதலாக வரி செலுத்துங்கள் என்று அவர் கேட்டபோது ஏறத்தாழ 63,000 பேர் செலுத்தினார்கள். பார்ப்பவருக்கு இது தனிமனிதக் கவர்ச்சியாகத் தெரியும். மக்கள் பணத்தை எடுத்துக் கொடுத்ததற்குக் காரணம், அது எங்கே போகிறது என்பதை நம்பியதே என்று நான் கருதுகிறேன். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989 முதல், முதலீட்டுச் செலவின் ஒரு பகுதியை எதற்குச் செய்வது என்பதை வட்டாரக் கூட்டங்களில் மக்களே முடிவுசெய்யும் முறையைக் கொண்டுவந்தது. மேயர்கள் மாறியபோதும் அந்த முறை பல ஆண்டுகள் தொடர்ந்தது, உலகெங்கும் பல நகரங்களுக்குப் பரவியது. கவர்ச்சியுள்ள தலைவர் ஒருவர் போய்விட்டால் கவர்ச்சியும் அவரோடு போய்விடும். கூட்டங்கள், கணக்குகள், அவற்றை நடத்தப் பழகிய மக்கள் ஆகியவை ஊரிலேயே இருக்கும்.

உங்கள் மன்றத் தலைவர் எந்த அளவுக்குப் பயன் தருகிறார் என்று அறிய விரும்பினால், தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் நிறைவேறிய பத்துத் தீர்மானங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் நடந்திருக்கிறதா என்று அந்தந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். அந்தப் பத்தில் எத்தனை, தலைவரின் அணியைச் சேராத உறுப்பினர்கள் கொண்டுவந்தவை என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். இந்த இரண்டு எண்களையும் எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்தின் பார்வையாளர் இருக்கையில் போய் உட்காருங்கள். அங்கே யார் நிற்கிறார், நிற்பவரைத் தலைவர் பார்க்கிறாரா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.